கொல்லர் வீட்டுப் பிள்ளை மைக்கேல் பாரடே



கொல்லன் தெருவில் ஊசி விற்கக் கூடாது என்பார்கள். இயந்திரவியல் படிக்கிறவர்கள் நடுவே எஃகைப் பற்றி எழுதுவதும் கிட்டத்தட்ட அப்படித்தான். இருந்தாலும் துணிந்து எழுதுகிறேன். ஏன்னா, நான் சொல்ல வருகிறவர் நிஜமாகவே ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தவர். அவர்தான் மைக்கேல் பாரடே!

பாரடே என்றதும் எலக்ட்ரிக்கல் நண்பர்கள் அவர் எங்க ஆள் என்று கையைத் தூக்குவார்கள். நியாயம்தான். மோட்டார், ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர் எல்லாம் அவர் போட்ட பாதையில் வந்தவை. ஆனால் மின்சாரத்தில் பெயர் வாங்குவதற்கு முன்னால் அவர் சில வருடங்கள் உலைக்கு முன்னால் நின்று எஃகு உருக்கினார். கத்திக்கும் சவரக்கத்திக்கும் சாதாரண எஃகைவிட நல்ல உலோகக் கலவை கிடைக்குமா என்று தேடினார். அந்தத் தேடலுக்கு ஒரு காரணம் நம் தென்னாட்டிலிருந்து போன எஃகு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வறுமையில் பிறந்தவர்

1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி லண்டனுக்குப் பக்கத்தில் நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பாரடே பிறந்தார். அப்பா ஜேம்ஸ் பாரடே குதிரைகளுக்கு லாடம் அடிக்கிற கொல்லர். பிழைப்புத் தேடி வடக்கே இருந்து லண்டன் வந்தவர். உடம்பு அடிக்கடி படுத்தும், வேலைக்குப் போக முடியாது. வீட்டில் நாலு பிள்ளைகள், மைக்கேல் மூணாவது. 1801-இல் இங்கிலாந்தில் தானிய விலை ஏறியபோது, வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று கொடுத்து அதை வைத்தே அந்தப் பையன் நாளை ஓட்ட வேண்டியிருந்ததாம்.

பள்ளிப் படிப்பு என்றால் எழுத, படிக்க, கணக்குப் போட மட்டும். 13 வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலை. பேப்பர் கொண்டுபோய்க் கொடுப்பது, திரும்ப வாங்கி வருவது. அடுத்த வருடம் அதே கடையில் புத்தகம் பைண்டிங் செய்யும் தொழில் கற்க ஏழு வருட ஒப்பந்தம். இன்றைக்கு நாம் அப்ரண்டிஸ் என்று சொல்கிறோமே, அதேதான்!

தைத்த புத்தகத்தைப் படித்தவர்

மற்ற பையன்கள் புத்தகத்தைத் தைத்து, ஒட்டி, அட்டை போட்டு அடுக்கிவிடுவார்கள். மைக்கேல் மட்டும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார். கலைக்களஞ்சியம் ஒன்று பைண்டிங்குக்கு வந்தபோது அதில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்தார். ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய வேதியியல் புத்தகம் அவரை அப்படியே இழுத்துக்கொண்டது. படித்ததோடு விடவில்லை. கைச்செலவுக்குக் கிடைத்த சில்லறையில் பாட்டிலும் சாமானும் வாங்கி, புத்தகத்தில் இருப்பது உண்மைதானா என்று செய்து பார்த்தார்.

லண்டனில் டேட்டம் என்பவர் மாலை நேரத்தில் விஞ்ஞான வகுப்பு நடத்தினார். ஒரு வகுப்புக்கு ஒரு ஷில்லிங். அந்த ஷில்லிங்கைக் கொடுத்தவர் அண்ணன் ராபர்ட். அவரும் அப்பாவைப் போலக் கொல்லர்தான். சுத்தியல் பிடித்துச் சம்பாதித்த காசில் தம்பி பாடம் கேட்டார். வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்திருக்கிற நம்ம மாதிரிப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1810-இல் அப்பாவும் இறந்துபோனார்.

1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ப்ரி டேவி பேசும் கூட்டங்களுக்கு டிக்கெட் கொடுத்தார். நாலு சொற்பொழிவுகள் கேட்டார் பாரடே. கேட்டதை எல்லாம் படத்தோடு எழுதி, தானே பைண்டிங் செய்து, வேலை கேட்டு டேவிக்கு அனுப்பினார். கையில் பட்டம் இல்லை, சிபாரிசுக்கு ஆளும் இல்லை. தெரிந்த தொழிலையே தன் விண்ணப்பமாக ஆக்கிவிட்டார். 1813 மார்ச்சில் உதவியாளர் வேலை கிடைத்தது. வாரச் சம்பளம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை, விளக்குக்கு மெழுகுவர்த்தி, குளிருக்குக் கரி.

அந்த வருடமே டேவி தம்பதியர் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் கிளம்பினார்கள். பாரடேயும் கூடப் போனார், விஞ்ஞான உதவியாளராகவும் பணியாளாகவும். டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். மனம் நொந்து திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார் பாரடே. ஆனால் பொறுத்துக்கொண்டார். ஒன்றரை வருடத்தில் ஐரோப்பாவின் பெரிய விஞ்ஞானிகளை எல்லாம் நேரில் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

நம்ம ஊர் எஃகு லண்டனில்

இப்போது கத்திக்கு வருவோம். லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்று ஒரு கத்தி செய்பவர் இருந்தார். ஆபரேஷன் கருவிகள் செய்வதில் கெட்டிக்காரர். 1794-இல் பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் என்ற டாக்டர் லண்டனுக்கு அனுப்பிய இந்திய எஃகுக் கட்டிகளில் ஒன்றை அடித்துப் பேனாக்கத்தி செய்து பார்த்தவர் இந்த ஸ்டோடார்ட்தான். அந்த எஃகை வெள்ளைக்காரர்கள் ஊட்ஸ் என்றார்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் எஃகைக் குறிக்கும் உக்கு என்ற சொல் அவர்கள் வாயில் அப்படி ஆனது. நம் தமிழில் உருக்கு என்கிறோம்.

இரும்பையும் மரத்துண்டு, இலை, தழைகளையும் சின்ன மண் குகையில் போட்டு, வாயை மூடி, கரி உலையில் துருத்தி ஊதி உருக்குவது நம் கொல்லர்களின் முறை. சேலம் பக்கம் ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் போட்டார்கள் என்று அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் தொல்லியல் ஆய்வாளர்கள் தோண்டியபோது மிகப் பழைய உலைகளும் மண் குகைகளும் கிடைத்தன. குகைக்குள் இரும்பு கரியை உறிஞ்சி, நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கார்பன் உள்ள கடினமான எஃகாகிவிடும். டமாஸ்கஸ் வாள்கள் என்று உலகமே பேசுகிற வாள்கள் இந்த மாதிரி எஃகில் அடித்தவைதான்.

இந்த ஊட்ஸில் அப்படி என்ன இருக்கிறது? 1818 வாக்கில் ஸ்டோடார்டும் பாரடேயும் சேர்ந்து ஆராய ஆரம்பித்தார்கள். கொல்லர் மகன் திரும்பவும் உலைக்கு வந்தார்! 1819-இல் பாரடே ஊட்ஸைப் பகுத்துப் பார்த்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதில் கொஞ்சம் அலுமினியம் இருக்கிறது, சிறப்புக்கு அதுவே காரணம் என்ற முடிவுக்கு வந்தார்.

அந்த முடிவு தவறு. எஃகின் குணத்துக்குக் காரணம் கார்பன்தான் என்று பாரிஸ் நாணயச் சாலையில் இருந்த பிரேயான் சில வருடங்களிலேயே காட்டினார். இந்த பிரேயான் வேலையை ஆரம்பித்ததே பாரடேயின் கட்டுரையைப் பார்த்துத்தான். அளந்ததையும் செய்த முறையையும் பாரடே ஒளிக்காமல் எழுதியதால்தான் அடுத்தவர் அதைத் திருத்த முடிந்தது. மிக நுண்ணிய அளவில் இருந்த வனேடியம் போன்ற உலோகங்கள்தான் அந்த வாள்களின் அலை அலையான வரிகளுக்குத் துணை செய்தன என்று 1990-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

வெள்ளி முதல் குரோமியம் வரை

ஊட்ஸோடு இருவரும் நிற்கவில்லை. எஃகில் வேறு எந்த உலோகத்தைக் கலந்தால் கத்தி கூராக நிற்கும், துருப்பிடிக்காமல் இருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், தங்கம், நிக்கல் என்று பட்டியல் நீள்கிறது.

வெள்ளியைக் கலந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. நிறையப் போட்டால் எஃகு ஆறும்போது வெள்ளி வியர்வை மாதிரி முத்து முத்தாக வெளியே வந்துவிட்டது. 500 பங்கு எஃகுக்கு ஒரு பங்கு வெள்ளி என்று குறைத்ததும் சரியாக வந்தது. ரோடியம் கலந்த எஃகு நல்ல கடினம். ஆனால் ரோடியத்தின் விலைக்கு எங்கே போவது? வானத்திலிருந்து விழும் விண்கல் இரும்பில் நிக்கல் இருப்பதால் அது துருவைத் தடுக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அவர்கள் செய்த நிக்கல் எஃகோ சாதாரண எஃகைவிடச் சீக்கிரம் துருப்பிடித்தது! அதையும் அப்படியே எழுதினார்கள்.

சின்னக் குகையில் வந்தது பெரிய அளவில் வருமா என்று பார்க்க ஷெஃபீல்டு நகரத்து எஃகு உலைகளிலும் உருக்கச் செய்தார்கள். 1822-இல் வெளிவந்த கட்டுரையில் குரோமியம் கலந்த எஃகும் உண்டு. நூற்றுக்கு ஒரு பங்கும் மூன்று பங்கும் போட்டுப் பார்த்தார்கள். அதே ஷெஃபீல்டில் 1913-இல் ஹாரி பிரியர்லி என்பவர் கிட்டத்தட்ட 13 சதவீதம் குரோமியம் போட்டு உருக்கியபோதுதான் துருப்பிடிக்காத எஃகு, அதாவது நம் வீட்டு எவர்சில்வரின் சொந்தக்காரன், கத்தி அலகாக வந்தது. பாரடே சரியான பாதையில்தான் இருந்தார், குரோமியம்தான் போதவில்லை.

டைட்டானியம் மடங்கவில்லை

டைட்டானியத்தையும் இருவரும் விடவில்லை. கார்ன்வால் கடற்கரைப் பக்கத்துக் கரு மணலிலிருந்து வில்லியம் கிரெகர் இந்த உலோகம் இருப்பதைக் கண்டுபிடித்தது 1791-இல், அதாவது பாரடே பிறந்த அதே வருடத்தில்! ஆனால் எவ்வளவு சூடாக்கியும் அது எஃகோடு கலக்கவில்லை. அதுவரை யாராவது அதைச் சுத்த உலோகமாகப் பிரித்திருப்பார்களா என்றே பாரடே சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகம் சரிதான். டைட்டானியம் ஆக்சிஜனை விடவே விடாது. கரி போட்டுச் சூடாக்கினால் கரியோடு சேர்ந்து கார்பைடு ஆகிவிடும். லக்சம்பர்க் நாட்டு வில்லியம் க்ரோல் மெக்னீசியத்தை வைத்துப் பிரிக்கும் முறையை 1930-களில் உருவாக்கிய பிறகுதான் அது தொழிற்சாலைக்கு வந்தது.

நான் பாரடேயைத் தேடிப் படிக்கக் காரணமே இந்த டைட்டானியம்தான். எங்க அப்பா சாணை பிடிக்கிறவர். சைக்கிளில் கல்லைக் கட்டிக்கொண்டு ஆவடி, திருமுல்லைவாயில், அம்பத்தூர் தெருக்களிலும், சில நாள் பூந்தமல்லி வரைக்கும் போவார். அரிவாள்மணை, கறிக்கத்தி, தையல்காரர் கத்திரி எல்லாம் அவர் கைக்கு வரும். ஒரு நாள் ஒரு வீட்டில் பொன் நிறத்தில் ஒரு கத்தியைக் கொடுத்து, இது டைட்டானியம், இனிமேல் சாணையே வேண்டாம்னு சொல்லி வித்தாங்க, அதுக்குள்ள மழுங்கிப்போச்சு என்றார்களாம். எஃகு போய் டைட்டானியம் வந்துவிட்டால் தன் தொழில் என்ன ஆகும் என்ற கேள்வி அப்பாவுக்கு. படிக்கிற பையன் நான்தானே, என்னைக் கேட்டார்.

பதிலில் பாதியை அப்பாவே கண்டுபிடித்திருந்தார். கல்லில் வைத்ததும் மஞ்சள் பொறி கிளைவிட்டுப் பறந்ததாம். அது எஃகின் பொறி. டைட்டானியமாக இருந்தால் கண்ணைப் பறிக்கிற வெள்ளைப் பொறி வரும். நம் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பார்க் டெஸ்ட் என்று படிக்கிறோமே, அதைப் படிக்காதவர் செய்து முடித்துவிட்டார். அந்தக் கத்தி எஃகுதான். மேலே இருந்தது டைட்டானியம் நைட்ரைடு என்ற மெல்லிய பூச்சு. அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளில் பொன் நிற டிரில் பிட் பார்த்திருப்பீர்கள், அதே பூச்சுதான். பூச்சு ரொம்பக் கடினம், ஆனால் கனம் சில மைக்ரான்தான். வெட்டுவது உள்ளே இருக்கிற எஃகு.

மீதிப் பாதியை நான் படித்துச் சொன்னேன். முழு அலகையே டைட்டானியத்தில் செய்தால் என்ன? அதிகம் பயன்படுவது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டானியம். எடை எஃகில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே. கடல் தண்ணீரிலும் துருவே பிடிக்காது. காந்தம் ஒட்டாது. ஆனால் கடினத்தில் ராக்வெல் சி அளவில் சுமார் 36-தான் வரும். நல்ல கத்தி எஃகு 55-க்கு மேல் 60 வரை வரும். எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் உள்ளே இருக்கிற கார்பன் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டு உலோகத்தை இறுக்கிவிடுகிறது. டைட்டானியத்துக்கு அப்படி இறுகும் வழி இல்லை. அதனால் கூர் சீக்கிரம் மடங்கிவிடும்.

அப்படியானால் டைட்டானியக் கத்தியே வீணா? இல்லை. உப்புத் தண்ணீரில் முங்கி வேலை செய்கிறவர்களுக்கும், காந்தம் பட்டால் வெடிக்கக்கூடிய கண்ணிவெடிகளை எடுக்கிறவர்களுக்கும் அதுதான் ஏற்றது. விமானத்திலும் ராக்கெட்டிலும் எடை குறைக்க அது வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கரு மணலில் இருக்கிற இல்மனைட் டைட்டானியத்தின் தாது. கேரளத்தின் சவறாவில் 2011-இல் டைட்டானியம் ஸ்பாஞ்ச் ஆலை திறந்தார்கள். ஆனால் வெங்காயம் நறுக்க எஃகுதான். அப்பாவின் கல்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இன்னொன்று கவனித்தீர்களா? ஊட்ஸின் பெருமைக்குக் காரணம் என்று பாரடே நினைத்தது அலுமினியம். வரிகளுக்கு நிஜமாகத் துணை நின்றது வனேடியம். இரண்டுமே இன்று டைட்டானியத்தோடு சேர்ந்து வானத்தில் பறக்கின்றன!

79 துண்டுகள்

1823-இல் ஸ்டோடார்ட் இறந்தார். கொஞ்ச நாளில் எஃகு ஆராய்ச்சியும் நின்றுபோனது. அதற்கு முன்பே 1821 செப்டம்பரில், மின்சாரம் ஓடும் கம்பி காந்தத்தைச் சுற்றி வருவதை பாரடே செய்து காட்டியிருந்தார். உலகின் முதல் மோட்டார் அது என்றால் மிகையாகாது. 1824-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். நம் வீட்டுக்கு வருகிற கரண்ட் அதில் பிறந்ததுதான். பிறகு மின்னாற்பகுப்பு விதிகள் வந்தன. கணிதம் பெரிதாகப் படிக்காத அவர், கண்ணால் பார்த்ததையும் கையால் செய்ததையும் வைத்தே இவ்வளவும் சாதித்தார். அவர் சொன்னதைக் கணிதமாக்க மேக்ஸ்வெல் வர வேண்டியிருந்தது.

சர் பட்டம் தேடி வந்தது, வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டித் தலைவர் பதவியையும் மறுத்தார். கிரிமியப் போருக்கு விஷவாயு செய்ய உதவ முடியுமா என்று அரசாங்கம் கேட்டபோது முடியாது என்று சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறு பிள்ளைகளுக்கு மெழுகுவர்த்தியை வைத்து விஞ்ஞானம் சொல்லித் தந்தார். 1867 ஆகஸ்ட் 25-இல் காலமானார்.

எஃகுத் துண்டுகள் என்ன ஆயின? அவர் பெயர் எழுதிய ஒரு மரப்பெட்டியில் 79 துண்டுகள் அப்படியே இருந்தன. மாங்கனீசு எஃகைக் கண்டுபிடித்த ராபர்ட் ஹாட்ஃபீல்டு அவற்றைச் சோதித்து 1931-இல் புத்தகமே எழுதினார். பிளாட்டினமும் ரோடியமும் கலந்த எஃகுகள் அந்தப் பெட்டியில் இருந்தன. நூறு வருடம் கழித்தும் அவர் சொன்னதைச் சரிபார்க்க முடிந்தது.

நமக்கு என்ன?

நண்பர்களே, நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள். பட்டப் படிப்புக்காரர்கள் பக்கத்தில் நின்றால் கொஞ்சம் தாழ்வாகத் தோன்றுவது உண்மைதான். பாரடேயிடம் அந்த டிப்ளமோகூட இல்லை. அவரிடம் இருந்தவை ஒரு நோட்டும், செய்து பார்க்கிற பழக்கமும், கைத்தொழில் தெரிந்த குடும்பமும்தான். கடைசிச் சொத்து நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறது. அதை வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறோம்.

ஊட்ஸ் கட்டியை உருக்கிய நம் கொல்லர்களின் பெயர் ஒன்றுகூட வரலாற்றில் இல்லை. குகையில் எதை எவ்வளவு போட வேண்டும் என்பது அவர்கள் கையிலும் கண்ணிலும் இருந்தது, ஏட்டில் இல்லை. பின்னால் சீமை இரும்பு மலிவாக வந்து இறங்கியபோது உலைகள் அணைந்தன, தொழிலோடு அறிவும் போனது. பாரடே எழுதி வைத்தார், துண்டைப் பெட்டியில் போட்டு வைத்தார். அதனால் தவறிய சோதனைகூட இன்றுவரை பயன்படுகிறது.

ரெக்கார்டு நோட்டில் சீனியர் எழுதிய ரீடிங்கைச் சிலர் அப்படியே இறக்கி வைப்பதை நாம் பார்க்கிறோம். விடை சரியாக வரும், மார்க்கும் வரும். ஆனால் நம் மெஷின், நம் உலோகத் துண்டு என்ன சொன்னது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். இந்த வருடம் ஒரே ஒரு சோதனையையாவது வந்தது வந்தபடி எழுதுவோம். வீட்டில் அப்பாவோ தாத்தாவோ செய்கிற தொழிலில் அளவு, பக்குவம், பதம் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு, தேதி போட்டு ஒரு நோட்டில் குறிப்போம். எங்க வீட்டு நோட்டில் முதல் பக்கத்தில் பொறியின் நிறம் எழுதியாகிவிட்டது.

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை